அளந்து பார்க்காத ஐம்பது கூடுகள்

ஆர்வில் ஹெக்ஸ்டாட் முப்பத்தோரு வருஷம் மர அறுவை ஆலையில் ரம்பத்துக்குச் சாணை பிடித்தவர். ஆலையின் மாடியில் அவருக்கென்று தனி அறை. கீழே பைன் மரம் பலகையாக வேண்டுமானால் மேலே இவர் பல்லைத் தீட்டிக் கொடுத்தாக வேண்டும். நாற்பதடி ரம்பத்தில் ஒரே ஒரு பல் மயிரிழை சாய்ந்திருந்தாலும் கட்டைவிரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். இந்தப் பெருமையை அவர் வாயால் கேட்க வேண்டும். நாம் கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கட்டைவிரல் வீட்டின் நிலவறைக்கு இறங்கியது. அங்கே ஜன்னல் ஓரமாக ஒரு மேசை. மேசையில் போல்ட் போட்டு முடுக்கிய இரும்புப் பிரஸ், பக்கத்தில் தராசு, நீளம் அளக்கும் காலிப்பர், கூட்டை அழுத்தும் அச்சுகள், துடைத்துத் துடைத்து நைந்த துணிகள். அமெரிக்காவில் மொண்டானாவின் இந்த மூலையில் பாதி வீடுகளில் இப்படி ஒரு மேசை உண்டு. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைத் தரையிலிருந்து பொறுக்கி வந்து, திரும்ப வெடிமருந்து அடைத்து, நுனியில் குண்டு வைத்து, தோட்டாவாக்கிவிடுவார்கள். குளிர்காலம் ஆறு மாதம் ஓடினால் மனுஷன் வேறு என்னதான் செய்வான்?

இந்த வேலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவன் அடைத்த தோட்டாவைத் தன் துப்பாக்கியில் யாரும் போடமாட்டார்கள். சம்பந்தியே கொண்டுவந்து கொடுத்தாலும் பல்லைக் காட்டி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வெடிப்பது அவன் முகத்துக்கு நேராக இல்லையே, உங்கள் முகத்துக்கு நேராக அல்லவா? ஆனால் ஆர்விலின் தோட்டாவுக்கு மட்டும் ஊரில் விலக்கு இருந்தது. அவர் கொடுத்தால் கேள்வி கேட்காமல் போட்டுச் சுடுவார்கள். பாதிரியார் கூடச் சுட்டிருக்கிறார். அறுபத்தேழு வயதில் ஆர்விலுக்குப் பணமோ பதவியோ கிடையாது. இந்த ஒரு விலக்குதான் அவருடைய சொத்து.

அது சும்மா கிடைத்ததும் இல்லை. பழைய கூடு ஒவ்வொன்றையும் கழுவி, அச்சுக்குள் அழுத்தி இறுக்கி, காலிப்பரில் நீளம் பார்த்து, நீண்டதை வெட்டிச் சமமாக்கி, வெட்டின வாய் விளிம்பை உள்ளும் புறமும் சுரண்டி வழவழப்பாக்கி, அதன் பிறகுதான் மருந்துப் பக்கமே திரும்புவார். ரிவால்வர் தோட்டா என்றால் இன்னொரு படி உண்டு. குண்டின் இடுப்பில் ஒரு பள்ளம் ஓடும். கூட்டின் வாயை அந்தப் பள்ளத்துக்குள் மடித்துக் கவ்வ வைக்க வேண்டும். கடைசியில் ஆறு தோட்டா போட்டு ஐந்தைச் சுட்டு, சுடாத ஆறாவதை எடுத்து, வெடித்த உதைப்பில் அதன் குண்டு நகர்ந்திருக்கிறதா என்று அளப்பார். நகர்ந்ததே இல்லை.

மகள் மார்னிக்கு முப்பத்து நாலு வயது. மலைமேல் முகாம்களுக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு போகும் வேலை. ஹார்லன் என்பவரின் பட்டியில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். ஆம்பிளைகளே இரண்டு கோடையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போகிற வேலை அது. கரடிப் பயம் உள்ள பாதை என்பதால் இடுப்பில் பாயிண்ட் நாற்பத்து நாலு ரக ரிவால்வர் ஒன்று தொங்கும். அதற்குத் தோட்டா அப்பா வீட்டுச் சீர்.

இந்த வசந்தத்தில் ஆர்விலுக்கு ஒரு ஆசை வந்தது. எத்தனையோ முறை சுட்டு இளைத்த பழைய கூடுகளை மகளுக்குக் கொடுப்பானேன்? வாழ்க்கையில் முதல்முறையாக நூறு புதுக் கூடுகள் வாங்கினார். பையைப் பிரித்து மேசையில் கொட்டினால் அப்படி ஒரு பளபளப்பு. கறை இல்லை, கீறல் இல்லை, யாருடைய கையும் படாத பித்தளை. மனைவி லோர்னாவை மேலேயிருந்து கூப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, தன் கல்யாண மோதிரம் கூட இவ்வளவு மின்னவில்லை என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இங்கேதான் மனுஷன் சறுக்கினார். பழைய கூட்டைச் சந்தேகிக்கப் பழகிய கண்ணுக்குப் புதியதைச் சந்தேகிக்கத் தெரியவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தது, எல்லாம் ஒரே அளவாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். அச்சுக்குள் அழுத்தவில்லை, நீளம் பார்க்கவில்லை, வாயைச் சுரண்டவில்லை. நேராக மருந்தை அடைத்து, குண்டை வைத்து, வாயை மடித்தார். ஐம்பது தோட்டா ஆனது. ஹார்லன் பட்டியிலிருந்து மார்னியை ஒரு வாரம் முன்னாலேயே புறப்படச் சொல்லி ஆள் வந்துவிட்டதால் அந்த ஐந்து சுட்டு ஆறாவதை அளக்கும் சோதனையும் விட்டுப்போனது. மார்னி பெட்டியைத் திறந்து பார்த்து, அப்பா கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை மூன்றாம் வாரத்தில் அது நடந்தது. மார்னியும் கூட்டாளி வெர்ன் டகெட்டும் ஏழு கழுதைகளோடு ஓடைப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வெர்ன் முன்னால் நடந்துபோய், நழுவின சுமைக்கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். புதருக்குள்ளிருந்து குட்டிகளோடு ஒரு கிரிஸ்லி கரடி வந்தது. மார்னியின் குதிரை மிரண்டு அவளைத் தள்ளிவிட்டு ஓடியது. கரடியை விரட்டப் பீய்ச்சுகிற மிளகுக் குப்பி சேணத்தில் மாட்டியிருந்தது, அதுவும் குதிரையோடு போயிற்று. மார்னி எழுந்து, கரடிக்கு முன்னால் மண்ணில் ஒன்று சுட்டாள். கரடி ஒரு நொடி தயங்கிவிட்டு வெர்ன் மேல் பாய்ந்தது. இரண்டாம் முறை விசையை இழுத்தாள். விசை அசையவில்லை. தோட்டாக்கள் இருக்கும் உருளை சுற்றவில்லை. கரடி வெர்னின் இடுப்பைக் கவ்வி உதறிப் போட்டுவிட்டுக் குட்டிகளோடு காட்டுக்குள் போய்விட்டது.

எல்லாம் ஒரு மூச்சு நேரம். கரடி திரும்பி வந்துவிடுமோ என்ற பதற்றத்தில் மார்னி உருளையைக் கல்லால் தட்டித் தட்டித் திறந்து, உள்ளே இருந்ததைப் புல்லில் உதறிவிட்டு வேறு ஆறு போட்டாள். பிறகு ரிவால்வரை ஊரில் சோதித்துப் பார்த்தவர்கள் அதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். உதறிய தோட்டாக்களைத் தேடி யார் மலையேறுவார்கள்?

வெர்ன் பிழைத்துக்கொண்டான். ஊன்றுகோல் மட்டும் ஆயுசுக்கும் கூடவே வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குப்புற விழுந்து கிடந்தவன் எதையும் பார்க்கவில்லை. கேட்டதை மட்டும் சொன்னான். முதல் வெடி கேட்டது, இரண்டாவது வெடிக்காகக் காத்திருந்தேன், வரவே இல்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு அது போதுமே. காலைக் காபிக் கடையில் அந்த ஒரு வரி பத்து வரியானது. பொண்ணு உறைந்துபோய்விட்டாளாம், கை நடுங்கிவிட்டதாம் என்றார்கள். பதினோரு வருஷம் அவளுடைய முதுகில் தட்டிக்கொடுத்தவர்கள்தான் இவர்கள். நாக்குக்கு எலும்பு இல்லாததில் எவ்வளவு வசதி பாருங்கள்.

மார்னியும் அதையே நம்பினாள். விசையைப் பாதியில் விட்டிருப்பேன், விரல் தவறியிருக்கும் என்றாள். வீட்டுக்கு வந்துவிட்டாள். மிசூலா நகரில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசை வேலை கேட்டுவைத்தாள், ஆகஸ்ட் நடுவில் சேர வேண்டும். மீதித் தோட்டாப் பெட்டியை நிலவறை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு இனிமே இது வேணாம்பா," என்று மட்டும் சொன்னாள்.

ஆர்வில் முதலில் பெட்டியைத் தொடவில்லை. மகள் பயந்துவிட்டாள் என்பதை ஏற்க அவருக்கு மனம் வரவில்லை. தன் தோட்டா ஒழுங்காகத்தான் இருந்தது என்று தனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் அடுத்த நாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு சரளைக்கல் குழிக்குப் போனார். அவரிடமும் அதே ரக ரிவால்வர் உண்டு. ஆறு போட்டார். ஒன்று சுட்டார். இரண்டாவதற்கு விசையை இழுத்தார். அசையவில்லை.

துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார். உருளையின் முன்பக்கம் ஒரு தோட்டாவின் குண்டு, நகத்தின் கனத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு துப்பாக்கியின் சட்டத்தில் முட்டி நின்றது. முதல் வெடியின் உதைப்பில் பக்கத்துக் கூட்டிலிருந்த குண்டு முன்னால் நகர்ந்து உருளைக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. கல்லால் தட்டினால் அது உள்ளே போய்விடும், ஒரு தடயமும் இருக்காது. மகள் தட்டினது அதைத்தான்.

வீட்டுக்கு வந்து பையில் மிச்சமிருந்த ஐம்பது புதுக் கூடுகளை எடுத்து வரிசையாக நிறுத்தி அளந்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. நாலைந்தின் வாய் பையில் நசுங்கி முட்டை வடிவத்தில் இருந்தது. குட்டைக் கூட்டின் வாய் குண்டின் பள்ளத்தை எட்டவே எட்டாது, பிறகு எதைக் கவ்வும்? ஒரு கூட்டில் குண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. இத்தனை வருஷத்தில் ஆயிரம் முறை செய்த வேலை, ஒரு நாள் மதியத்தில் முடிந்திருக்கும். ஆர்வில் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவமானத்தில் காது மடல் வரை சுட்டது.

உடனே மேலே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. பெட்டியைப் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். பிள்ளை எப்படியோ தேறிக்கொண்டு வருகிறாள், இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பல் டாக்டர் ஆபீஸில் கரடி வராது, அதுவும் நல்லதற்குத்தான் என்றார். வெர்ன் வழக்கு கிழக்கு என்று போனால் என்ன செய்வது என்றார். காரணங்களுக்கா பஞ்சம்? உண்மைக் காரணம் ஒன்றுதான். காபிக் கடையில் அவர் நுழைந்தால் அவருக்கென்று ஒரு நாற்காலி நகரும். அந்த நாற்காலி போய்விடும் என்று பயந்தார்.

லோர்னா கவனித்துவிட்டாள். சாப்பாட்டில் முள்கரண்டியை வைத்து உருட்டிக்கொண்டே இருக்கிறாரே என்று உடம்புக்கு என்னவென்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றார். மூன்று நாள் கழித்துத் திரும்பவும் கேட்டாள். அதே வயிறு. மார்னி தன் சேணத்தை விலைக்குக் கொடுத்தாள். வாங்கினவன் வண்டியில் ஏற்றும்போது அவள் ஜன்னல் பக்கம் வரவே இல்லை.

ஒன்பதாம் நாள் காலை ஆர்வில் கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். மார்னி காலி ரிவால்வரோடு வந்தாள். உருளையைத் திறந்து, ஒன்றும் இல்லை என்று அவருக்குக் காட்டிவிட்டு மூடினாள்.

"அப்பா, ஒரு உதவி. நான் விசைய இழுக்கிறேன். என் விரல் எங்க தப்புதுனு நீங்க பார்த்துச் சொல்லுங்க."

"இப்ப எதுக்கும்மா அது?"

"நீங்க ரம்பத்துல ஒரு பல்லு கோணலா இருந்தாலே கண்டுபிடிக்கிறவரு. என் கையிலயும் கண்டுபிடிங்க. என்ன தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா போதும். தெரியாமத்தான் தூங்க முடியல."

வேலிப் பக்கம் திரும்பி நின்று இழுத்தாள். உருளை சுற்றியது, டிக் என்றது. திரும்ப இழுத்தாள். வேகமாக, மெதுவாக, இடது கையால், இரண்டு கையாலும். ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். விரல் கடைசி வரை வந்து, முழுதாக விட்டு, திரும்ப வந்தது. பதினைந்து வயதில் அவர் சொல்லிக்கொடுத்தபடி, அச்சில் வார்த்தது மாதிரி இருந்தது அந்த விரல். முப்பது, நாற்பது முறை இருக்கும். ஆர்விலால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"நிறுத்தும்மா. உன் விரல்ல தப்பு இல்ல."

"பாசத்துல சொல்லாதீங்கப்பா."

"பாசத்துல சொல்லல. கீழ வா."

நிலவறையில் பெயிண்ட் டப்பாக்களை நகர்த்திப் பெட்டியை எடுத்தார். புதுக் கூடு ஒன்றில் குண்டை வைத்து அவள் கையில் கொடுத்து, கட்டைவிரலால் அழுத்தச் சொன்னார். அழுத்தினாள். உள்ளே போயிற்று. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அச்சில் போடாதது, அளக்காதது, சோதனையை விட்டது, சரளைக்கல் குழியில் ரிவால்வர் பூட்டிக்கொண்டது. மார்னி காலிப்பரை எடுத்துத் தானே ஆறேழு கூடுகளை அளந்தாள். எண்களைப் பார்த்தாள். அவள் தோள் மெல்லத் தளர்ந்து இறங்குவது தெரிந்தது. மன்னித்துவிட்டாள் என்று ஆர்வில் நினைத்துவிட்டார்.

"குழிக்கு எப்பப் போனீங்க?" என்று கேட்டாள்.

"நீ பெட்டிய வெச்ச மறுநாள்."

"அப்ப ஒம்போது நாள்."

"ஆமா."

மார்னி காலிப்பரை மேசையில் வைத்தாள். "அஞ்சாம் நாள் நான் வெர்ன் வீட்டுக்குப் போனேன். அவன் பொண்டாட்டி முன்னாடி நின்னு, என்னாலதான் உன் புருஷன் நொண்டியாயிட்டான், என்னை மன்னிச்சிருனு அழுதேன். அவ கதவச் சாத்திட்டா." அவரை நேராகப் பார்த்தாள். "என்னை அங்க கூட்டிட்டுப் போனது நீங்க. வண்டியில உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

ஆர்வில் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"கூட்ட அளக்காம விட்டீங்களே, அத நான் மறந்துருவேன்பா. எனக்குப் புதுசா கொடுக்கணும்னுதான் செஞ்சீங்க. ஆனா நான் அந்தக் கதவுல நின்னது..." ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "எழுந்திருங்க. இன்னிக்கு நான் வண்டியில உக்காந்துக்கிறேன்."

வெர்ன் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், இருபது நிமிஷ ஓட்டம். ஆர்வில் வண்டியை நிறுத்திவிட்டு, பையில் இரண்டு புதுக் கூடுகளைப் போட்டுக்கொண்டு இறங்கினார். முற்றத்தைக் கடந்துபோய்க் கதவைத் தட்டினார். வெர்னே கதவைத் திறந்தான். ஊன்றுகோலில் சாய்ந்து, காலைநேரத்தில் இந்த மனுஷனுக்கு என்ன வேலை என்கிறமாதிரி பார்த்தான்.

ஆர்வில் சொல்லத் தொடங்கினார். மகளிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அளவு, நீளம், பள்ளம் என்று நீட்டிக்கொண்டு போனவரை வெர்ன் கையைத் தூக்கி நிறுத்தினான். அவனும் இருபது வருஷமாகத் தோட்டா அடைக்கிறவன், அவனுக்கு விளக்கம் தேவையில்லை.

"ரெண்டாவது தடவை இழுத்தாளா?"

"இழுத்தா. என் தோட்டாதான் பூட்டிக்கிச்சு. அவ உறையல, வெர்ன். நான் பண்ணின தப்பு."

வெர்னின் முகம் வெளிறியது. ஆர்விலுக்கு அடியோ வசவோ விழும் என்று தோன்றியது. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெர்ன் ஒன்றும் செய்யவில்லை. அவருடைய தோளுக்கு மேலாக வண்டியைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவரைச் சுற்றிக்கொண்டு படியில் இறங்கினான். ஊன்றுகோலை ஒவ்வொரு படியாக வைத்து இறங்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. ஆர்வில் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினார். அவன் அந்தக் கையைப் பார்க்கவில்லை.

முற்றத்தில் பாதி வந்ததும் மார்னி வண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்து அவனைப் பிடித்துக்கொண்டாள். வெர்ன் தலை குனிந்து ஏதோ சொன்னான். அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு அவன் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். வெர்னின் மனைவி ஜோலீன் உள்ளேயிருந்து வந்து, என்ன நடந்தது என்று ஆர்விலைக் கேட்டாள். அவர் முதலிலிருந்து மறுபடி சொன்னார். கேட்டு முடித்ததும் அவளும் அவரைத் தாண்டி அந்த இரண்டு பேரிடம் போய்விட்டாள்.

மூவரும் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று வாசலில் நின்ற ஆர்விலுக்குக் கேட்கவில்லை. ஒரு சமயம் வெர்ன் எதையோ சொல்ல, மார்னி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஜூலைக்குப் பிறகு அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பை ஒன்பது நாளுக்கு முன்னாலேயே தன் கையால் கொடுத்திருக்கலாம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. யாராவது கூப்பிடுவார்கள் என்று நின்றார். யாரும் கூப்பிடவில்லை.